பிறந்த குழந்தையின் நிறை குறைவதேன்?

தாயின் வயிற்றை விட்டு வெளியே வந்த மனிதக் குழந்தை இவ்வுலகில் முதன்முதலாகச் செய்யும் காரியங்களுள் ஒன்று மெலிவது. கேட்பதற்கு இது விந்தையாகத் தோன்றலாம். கருவில் நாளுக்கு நாள் வளர்ந்து வந்த சிசு, வெளியுலகின் காற்றைச் சுவாசித்த முதல் இரண்டு மூன்று நாள்களில் தன் நிறையில் ஒரு பகுதியை இழந்து விடுகிறது. நலமாகப் பிறந்த குழந்தைகளிற் பெரும்பாலானவற்றுக்கு இவ்வாறே நேர்கிறது. சில நாள்களில் இழந்ததை அது மீட்டுக் கொள்கிறது. பின்னர் வளரத் தொடங்குகிறது. இயற்கையின் இந்த ஏற்பாட்டை அறியாத காரணத்தால் எத்தனையோ வீடுகளில் வீணான அச்சம் குடிபுகுகின்றது. அதனை அரைகுறையாக அறிந்த காரணத்தால் வேறு சில வீடுகளில் உண்மையான ஆபத்து கவனிக்கப்படாமற் போகின்றது.

இவ்விரண்டையும் விளக்குவதற்கு இரண்டு வீடுகளை மனக்கண்முன் கொண்டு வருவது பொருந்தும்.

முதலாவது, யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றில் உள்ள வீடு. வைத்தியசாலையிற் பிள்ளையைப் பெற்ற இளந்தாய் வீடு திரும்பியிருக்கிறாள். இது நான்காம் நாள். குடும்பநல மருத்துவமாது படலையைத் திறந்து உள்ளே வருகிறார். பையிலிருந்து தராசை எடுத்து, பிள்ளையின் உடைகளைக் களைந்து, அதன் நிறையைப் பார்க்கிறார். பிறந்தபோது 3,000 கிராம் இருந்த குழந்தை இப்பொழுது 2,790 கிராம் இருக்கிறது. அருகில் நின்ற அம்மம்மாவின் முகம் வாடுகிறது.

“பிறக்கேக்கை கொழுகொழுவெண்டு இருந்த பிள்ளை வத்திப் போச்சுதே! தாய்க்குப் பால் காணாது போலை. ஒரு போத்தல் மாப்பால் கரைச்சுக் குடுப்பமோ, மிஸி?” என்று அவர் கேட்கிறார். கட்டிலில் இருந்த தாயின் கண்கள் கலங்குகின்றன. தன்னிடத்தில் ஏதோ குறை இருப்பதாக அவள் எண்ணிக் கொள்கிறாள்.

மருத்துவமாது பதறவில்லை. “பொறுங்கோ அம்மா, தராசு சொன்னதைக் கேட்டிட்டம். இனிப் பிள்ளை என்ன சொல்லுது எண்டு பாப்பம்” என்கிறார்.

இரண்டாவது வீடு அவ்வளவு தூரத்தில் இல்லை. அங்கேயும் ஒரு முதற்பிள்ளை. சத்திர சிகிச்சை மூலம் பிறந்த பிள்ளை. பிறந்து ஐந்தாம் நாள். அங்கே எவரும் கவலைப்படவில்லை. பிள்ளை அழுவதே இல்லை. பாலுக்குப் போட்டாற் சற்று உறிஞ்சிவிட்டு உறங்கி விடுகிறது. வருகின்ற உறவினரெல்லாம், “கரைச்சல் தராத பிள்ளை” என்று புகழ்கிறார்கள். பிறந்த குழந்தை மெலிவது வழக்கந்தான் என்று யாரோ சொல்லியும் இருக்கிறார்கள். ஆதலால் மெலிந்த முகத்தைக் கண்டும் ஒருவரும் ஐயுறவில்லை.

முதல் வீட்டில் அச்சம் இருக்கிறது; ஆபத்து இல்லை. இரண்டாம் வீட்டில் ஆபத்து இருக்கிறது, அச்சம் இல்லை. இந்த இரு வீடுகளையும் வேறுபடுத்தி அறியும் வழி யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

பிறந்த குழந்தையை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது அன்று. பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் குழந்தை என்ன நிறையுடன் பிறக்கின்றது என்பதை ஐரோப்பிய வைத்தியர்கள் பெரும்பாலும் ஊகத்தாலேயே கூறி வந்தனர். ஜெர்மனியின் கெற்றிங்கன் நகரிற் பிரசவ வைத்தியம் கற்பித்த யோகான் கெயோர்க் றோடரர் என்பவர், 1753 ஆம் ஆண்டில், உண்மையாகவே தராசில் இட்டுப் பெற்ற நிறைகளை வெளியிட்டார். பெல்ஜிய நாட்டுப் புள்ளிவிபர அறிஞரான அடோல்வ் கெற்றலே 1835 இல் வெளியிட்ட நூலில், குழந்தையின் நிறை பிறந்தவுடன் சில நாள் குறைகிறது என்பதையும், ஏறத்தாழ ஒரு வாரம் கழிந்த பின்னரே அதன் வளர்ச்சி புலப்படுகிறது என்பதையும் எடுத்துக் காட்டினார். 1892 இல் பாரிஸ் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் பியேர் பூடான் என்னும் வைத்தியர், பிரசவம் முடிந்து வீடு சென்ற தாய்மாரைக் குழந்தைகளுடன் மீண்டும் மீண்டும் வரவழைத்து, நிறையைக் குறித்து, பாலூட்டுதல் பற்றி ஆலோசனை கூறும் நிலையத்தைத் தொடக்கினார். நிறுப்பதும் ஆலோசனை கூறுவதும் ஒன்றாக நடைபெற வேண்டும் என்பது அவருடைய முறையின் உயிர்நாடி. இன்று நம் நாட்டுக் கிராமங்களில் மருத்துவமாது தராசோடு வருவதும் அந்த முறையைச் சார்ந்ததே.

இனி, நிறை குறைவதன் காரணங்களைக் காண்போம்.

நிறைமாதத்திற் பிறந்த குழந்தையின் உடலில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு நீர். வளர்ந்தவரின் உடலில் இது 60 பங்கு அளவே. கருவறையில் நீருக்குள்ளேயே வாழ்ந்த சிசு, அவ்வாழ்வுக்கு ஏற்றவாறு உடலில், சிறப்பாக உயிரணுக்களுக்கு வெளியே, மிகுதியான நீரைக் கொண்டு பிறக்கிறது. வெளியுலக வாழ்வுக்கு அவ்வளவு நீர் வேண்டுவதில்லை. ஆதலாற் சிறுநீரகங்கள் அதைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகின்றன. பிறந்த குழந்தை இழக்கும் நிறையிற் பெரும்பகுதி இந்த நீரே.

கண்ணுக்குத் தெரியாத வழியிலும் நீர் போகிறது. இத்தாலியின் பாதுவா நகரைச் சேர்ந்த சந்தோரியோ என்னும் வைத்தியர் தராசிற் கட்டிய ஆசனத்தில் அமர்ந்து, தாம் உண்டதையும் கழித்ததையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். உண்டதற்கும் கழித்ததற்கும் இடையே கணக்குத் தீராத ஒரு வேறுபாடு எப்பொழுதும் இருந்தது. மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் நீர் ஆவியாகிப் போவதே அதற்குக் காரணம் என்று அவர் 1614 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குழந்தைக்கும் இந்த இழப்பு உண்டு. அதன் உடல் சிறிது. உடலின் அளவோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு பெரிது. எனவே இழப்பும் அதற்கேற்ப மிகும். இவற்றோடு, கருவிலிருந்தபோது குடலிற் சேர்ந்த கரிய மலமும் முதல் இரண்டு நாளில் வெளியேறுகின்றது.

இவ்வாறு வெளியே போவது பல வழியாக நிகழ, உள்ளே வருவது முதலில் மிகச் சிறிதாகவே இருக்கிறது. முதல் நாளில் தாயிடம் சுரக்கும் பால் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 30 மில்லிலீற்றர், அதாவது சில தேக்கரண்டி அளவுதான். இந்தப் பால் மஞ்சள் நிறமாகவும் தடிப்பாகவும் இருக்கும். பசு கன்று ஈன்றவுடன் கறக்கும் பாலைக் கடும்பு என்று நம்மவர் போற்றி உண்பர். ஆனால் தாயின் கடும்புப்பாலை மாத்திரம் கெட்ட பால் என்று பிழிந்து ஊற்றிய காலமும் இருந்தது. நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிந்த அந்தச் சில கரண்டிப் பாலே குழந்தைக்குக் கிடைக்கும் முதற் காப்பு. அளவிற் சிறிது என்பதற்காக அதை இகழ்தல் ஆகாது. வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டி அனுப்புவது போல, இயற்கை குழந்தையின் உடலில் நீரையும் கொழுப்பையும் சேமித்து அனுப்பியிருக்கிறது. தாயின் மார்பில் பால் நிறைந்து வரும்வரை அந்தக் கட்டுச்சோறு கைகொடுக்கின்றது.

பால் நிறைந்து வருவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கருவுற்ற காலத்தில் நச்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்னும் ஓமோன் பால் பெருகாதபடி தடுத்து வைக்கிறது. குழந்தைக்குப் பின் நச்சுக்கொடியும் வெளியேறியதும் அத்தடை நீங்குகிறது. அதன் பின் இரண்டு மூன்று நாள்களிற் பால் பெருகி, நாலாம் ஐந்தாம் நாளளவில் நாளொன்றுக்கு அரை லீற்றர் வரையில் வந்து விடுகிறது. குழந்தையின் நிறை குறைவது நின்று ஏறத் தொடங்குவதும் பெரும்பாலும் அப்பொழுதுதான். ஆனால் எல்லாத் தாய்மாருக்கும் இது ஒரே வேளையில் நிகழ்வதில்லை. முதற்பேறு, நீண்ட பிரசவ வேதனை, சத்திர சிகிச்சை, நீரிழிவு, மிகுந்த உடற்பருமன் ஆகியவை இருப்பின் பால் பெருகுவது சற்றுத் தாமதிக்கலாம். நச்சுக்கொடியின் ஒரு துண்டு கருப்பையில் தங்கிவிடினும் தாமதம் நேரும். அத்தகைய தாயின் பிள்ளையை மற்றப் பிள்ளைகளிலும் கூடிய கருத்தோடு கவனித்தல் வேண்டும்.

எவ்வளவு குறைந்தால் இயல்பு, எவ்வளவு குறைந்தால் ஐயம் என்பது அடுத்த வினா. இதற்குக் கிராம் கணக்கிலே விடை கூறுவது பொருந்தாது. 300 கிராம் குறைந்துவிட்டது என்ற செய்தி 4,000 கிராம் நிறையோடு பிறந்த குழந்தைக்கு நூற்றுக்கு ஏழரை. 3,000 கிராம் குழந்தைக்கு நூற்றுக்குப் பத்து. 2,500 கிராம் குழந்தைக்கோ நூற்றுக்குப் பன்னிரண்டு. ஆகவே குறைந்த நிறையைப் பிறந்த நிறையால் வகுத்து நூறாற் பெருக்கிப் பார்க்க வேண்டும். முதல் வீட்டுக் குழந்தை இழந்தது 210 கிராம். அதை 3,000 ஆல் வகுத்து நூறாற் பெருக்கினால் விடை நூற்றுக்கு 7.

இந்த ஏழு என்பது பெரிய எண்ணா? ஸ்கொத்லாந்திற் செய்யப்பட்டு 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாய்ப்பால் உண்ட குழந்தைகளின் உச்ச இழப்பு நடுத்தரமாக நூற்றுக்கு 6.6 ஆகவும், மாப்பால் உண்ட குழந்தைகளின் இழப்பு 3.5 ஆகவும் இருந்தன. தாய்ப்பாற் குழந்தைகள் பிறந்த நிறையை மீட்க நடுத்தரமாக 8 நாளுக்குச் சற்று மேலும், மாப்பாற் குழந்தைகள் ஆறரை நாளும் எடுத்தன. தாய்ப்பாற் குழந்தை சற்று மிகுதியாக இழப்பதும் சற்றுத் தாமதித்து மீட்பதும் அதன் குறையன்று. பால் பெருகும்வரை சிறிது சிறிதாக உண்பதே அதன் இயல்பு.

அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில், தாய்ப்பால் மட்டும் உண்ட ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் நிறைகளை மணிக்கணக்கின்படி ஆராய்ந்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. இயல்பான பிரசவத்திற் பிறந்த குழந்தைகள் 24 மணி நேரத்தில் நடுத்தரமாக நூற்றுக்கு 4.2 உம், 48 மணி நேரத்தில் 7.1 உம் இழந்திருந்தன. 72 மணி நேரத்தில் அவை மீளத் தொடங்கிவிட்டன. சத்திர சிகிச்சையாற் பிறந்த குழந்தைகளோ 72 மணி நேரத்தில் நடுத்தரமாக 8.6 இழந்து, அதன் பின்னரே மீளத் தொடங்கின. அவற்றுள் நாலில் ஒன்றுக்கு மேற்பட்டவை அந்த வேளையில் நூற்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேல் இழந்திருந்தன. எனவே நிறையைக் கேட்கும்போது, பிறந்து எத்தனை மணி நேரம், எவ்வகைப் பிரசவம் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பிறந்த நிறையும் சிலவேளை நம்மை ஏமாற்றும். பிரசவ வேளையில் தாயின் நரம்பு வழியாக மிகுதியான திரவம் ஏற்றப்பட்டிருப்பின், அதில் ஒரு பங்கு குழந்தையையும் சேர்கிறது. அக்குழந்தை சற்று ஊதிய நிறையுடன் பிறந்து, முதல் நாளில் மிகுதியாகச் சிறுநீர் கழித்து, விரைவாக நிறை குறைகிறது. கனடாவின் ஒட்டாவா நகரத்து ஆராய்ச்சியாளர் 2011 இல் இதனைக் காட்டி, பிறந்து 24 மணி நேரத்திற் கண்ட நிறையை அடிப்படையாகக் கொள்வது நன்று என்று ஆலோசனை கூறினர்.

வைத்திய உலகில் நூற்றுக்குப் பத்து என்பது பொதுவாக ஓர் எல்லைக் கல்லாகக் கொள்ளப்படுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் 2017 இல் வெளியான வழிகாட்டலும், முதல் நாள்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் நிறை குறைந்தாலோ, மூன்று வாரமாகியும் பிறந்த நிறை திரும்பாவிட்டாலோ குழந்தையைச் செவ்வையாகப் பரிசோதிக்கும்படி கூறுகின்றது. இங்கே ஒன்றை மனத்திற் பதித்துக் கொள்ளல் வேண்டும். எல்லைக் கல் வழிப்போக்கனை நின்று பார்க்கச் சொல்கிறது, அவனைத் தண்டிப்பதில்லை. பத்தைத் தாண்டிய குழந்தையெல்லாம் நோயாளி அன்று. பத்துக்கு உட்பட்ட குழந்தையெல்லாம் நலமாயிருக்கிறது என்பதும் இல்லை. மேலும் இக்கணக்குகள் நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைக்கு உரியவை. மாதம் நிரம்பாமற் பிறந்த குழந்தையையும், 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையோடு பிறந்த குழந்தையையும் வைத்தியர் கூறும் முறைப்படியே கவனிக்க வேண்டும்.

தராசு கேள்வியை மட்டும் கேட்கிறது. விடை குழந்தையின் அணையாடையிலும், அது பால் குடிக்கும் விதத்திலும் இருக்கிறது. இதை அறிந்த படியாலேயே முதல் வீட்டு மருத்துவமாது வேறு கேள்விகளுக்குச் சென்றார்.

அவருடைய முதற் கேள்வி சிறுநீரைப் பற்றியது. முதல் நாளில் ஒரு தடவையேனும், இரண்டாம் நாளில் இரு தடவையேனும், மூன்றாம் நாளில் மூன்று தடவையேனும் என்று நாளுக்கொன்றாக ஏறி, ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்தில் ஆறு தடவையோ அதற்கு மேலோ துணி நன்றாக நனைய வேண்டும். முதல் ஓரிரு நாளில் துணியிற் செங்கற்பொடி போன்ற கறை காணப்படுவது உண்டு. அது நாலாம் நாளுக்குப் பின்னும் தொடர்ந்தால், குழந்தைக்குப் பால் போதவில்லை என்று ஐயுற வேண்டும்.

இரண்டாம் கேள்வி மலத்தின் நிறம். முதலிற் கரிய, பசைபோன்ற மலம். மூன்றாம் நாலாம் நாளிற் பச்சை கலந்த நிறம். ஐந்தாம் நாளளவில் மஞ்சள். மலம் மஞ்சளானால் பால் வயிற்றினுள் நன்றாகச் செல்கிறது என்பது பொருள். ஐந்தாம் நாளிலும் கரிய மலமே போகுமாயின் அது நற்குறி அன்று.

மூன்றாம் கேள்வி பால் குடிப்பதைப் பற்றியது. நாளொன்றுக்கு எட்டு முதற் பன்னிரண்டு தடவை குழந்தை பால் குடிக்கிறதா? வாயை அகலத் திறந்து, காம்பை மாத்திரமன்றிக் கரு வட்டத்தின் பெரும்பகுதியையும் கவ்வுகிறதா? மோவாய் மார்பிற் படுகிறதா? விழுங்கும் ஓசை கேட்கிறதா? தாய்க்குக் காம்பில் நோவும் வெடிப்பும் இருந்தால், குழந்தை சரியாகக் கவ்வவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

முதல் வீட்டுத் தாய் தந்த விடைகள் நல்லவை. முந்திய நாளிலிருந்து ஐந்து தடவை துணி நனைந்திருந்தது. காலையிற் போன மலம் மஞ்சள் கலந்திருந்தது. பிள்ளை அழுது கேட்டுப் பால் குடித்தது. முன்னாள் இரவு தொடக்கம் தாயின் மார்பு நிறைந்து கனத்திருந்தது. மருத்துவமாது பிள்ளையை மார்பிற் போடும் விதத்தைச் சற்றுத் திருத்தினார். போத்தல் வேண்டாம் என்றார். மூன்று நாளில் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றார்.

போத்தல் வேண்டாம் என்றதன் காரணம் வெறும் பிடிவாதம் அன்று. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் தாயின் மார்பு சுரக்கும். போத்தலால் வயிறு நிறைந்த குழந்தை மார்பை நாடாது. மார்பு பின்னும் குறைவாகச் சுரக்கும். பால் காணாது என்ற வீண் அச்சம் ஈற்றில் உண்மையாகவே ஆகிவிடும். கற்கண்டு நீர், குளுக்கோஸ் நீர், வெறுந் தண்ணீர் என்பனவும் அப்படியே. அவை வயிற்றை நிரப்புமன்றி வளர்ச்சியைத் தரா. தேன் கொடுத்தல் இன்னும் தீது. அதிலிருந்து உண்டாகக்கூடிய ஒருவகை நச்சுநோய் காரணமாக, ஒரு வயதுக்கு முன் குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது என்பது வைத்தியர் முடிவு.

இனி இரண்டாம் வீட்டுக்குச் செல்லலாம். மருத்துவமாது அங்கும் சென்று பிள்ளையைத் தராசில் இட்டார். பிறந்தபோது 3,000 கிராம் இருந்த பிள்ளை 2,640 கிராம் இருந்தது. இழப்பு நூற்றுக்கு 12. முந்திய நாட் காலைக்குப் பின் இரு தடவைதான் துணி நனைந்தது, அதிலும் செங்கற்கறை. மலம் இன்னும் கறுப்பு. முகத்திலும் மார்பிலும் மஞ்சள் படர்ந்திருந்தது. பாதத்தைச் சுண்டிய போதும் பிள்ளை கண் விழித்துச் சற்றே முனகிவிட்டு மீண்டும் உறங்கியது. கரைச்சல் தராத பிள்ளை என்று எல்லாரும் புகழ்ந்தது, அழுவதற்கும் வலுவின்றிச் சோர்ந்து கிடந்த பிள்ளையைத்தான்.

பால் போதாத குழந்தையின் உடலிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்க, குருதியில் சோடியம் என்னும் உப்பின் செறிவு ஏறுகிறது. இந்த நிலையின் கொடுமை அதன் அமைதியிலே இருக்கிறது. உப்பு மிகுந்த குருதி உயிரணுக்களுக்குள்ளிருந்து நீரை வெளியே இழுத்துக் கொள்வதால், தோலும் உச்சிக்குழியும் நெடுநேரம் வரை பெரிய மாற்றத்தைக் காட்டாமலும் இருக்கலாம். கண்ணாற் பார்ப்பவர் ஏமாறுவர். தராசு ஏமாறாது. கவனியாது விட்டால் மூளைக்குத் தீங்கும், வலிப்பும், சிலவேளை உயிரிழப்பும் நேரலாம். இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. உப்பின் செறிவை விரைவாகக் குறைப்பதும் மூளையை வீங்கச் செய்யும் ஆதலால், வைத்தியசாலையிற் குருதியைப் பரிசோதித்து, மெல்ல மெல்லவே சீர்செய்ய வேண்டும். வீட்டில் நின்று போத்தல் போத்தலாகத் தண்ணீர் ஊற்றுவது ஆபத்தை இரட்டிப்பாக்கும்.

மருத்துவமாது அந்தப் பிள்ளையை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினார். தாயும் கூடச் சென்றாள். அங்கே பிள்ளைக்குச் சிகிச்சை நடந்தது. தாயின் மார்பிலிருந்து பால் கறந்து சிறு கோப்பையால் ஊட்டினர். அது போதாத அளவுக்கு வைத்தியரின் கணக்குப்படி மேலதிகப் பாலும் கொடுத்தனர். அந்த மேலதிகப் பால் மருந்தைப் போன்றது: வேண்டியபோது, வேண்டிய அளவில், வேண்டிய நாள் வரை. அதைக் கொடுக்க நேர்ந்ததால் தாய் தோற்றவள் ஆகமாட்டாள். பிள்ளையைக் காப்பதும் தாயின் பாலைக் காப்பதும் ஒரே பணியின் இரு கைகள்.

எந்தக் குறிகளைக் கண்டவுடன் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் நன்று. எழுப்பியும் பாலுக்கு விழியாத உறக்கம், மெலிந்த அழுகை, உலர்ந்த வாய், ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, நாளுக்கு நாள் கூடும் செங்கண்மாரி, காய்ச்சல் அல்லது உடல் குளிர்ந்து போதல், வலிப்பு, மூச்சு வாங்குதல் என்பவை அவை. இவற்றுள் ஒன்று கண்டாலும் அடுத்த நாள் பார்ப்போம் என்று இருத்தலாகாது. அவ்வளவு தூரம் போகாத குழந்தைக்கு வீட்டிலேயே செய்யத்தக்கவை உண்டு. உறங்கும் பிள்ளையை மூன்று மணிக்கொரு தடவையேனும் எழுப்பிப் பால் கொடுத்தல், தாயின் தோலோடு பிள்ளையின் தோல் படும்படி அணைத்து வைத்தல், கவ்வும் விதத்தைத் திருத்துதல், கறந்த பாலைக் கோப்பையால் ஊட்டுதல் ஆகியன பல குழந்தைகளுக்குப் போதுமானவை. ஆனால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி நிறுத்துப் பார்க்கத் தவறுதல் கூடாது.

நிறுக்கும் முறையிலும் கருத்து வேண்டும். தராசைப் பூச்சியத்தில் நிறுத்தி, உடையும் துணியும் களைந்து, குழந்தை அசையாத வேளை பார்த்து, இயன்றவரை அதே தராசிலே நிறுக்க வேண்டும். ஒரு தராசுக்கும் மற்றத் தராசுக்கும் ஐம்பது கிராம் வேறுபட்டால், வீட்டிலுள்ளோர் உறக்கம் வீணே கெடும். நாளையும் நேரத்தையும் நிறையையும் உடனே எழுதிக் கொள்ள வேண்டும். நாளுக்கு நாலு தடவை நிறுத்துப் பார்த்து ஏங்குவதும் நன்றன்று. பால் குடித்த குழந்தையும் சிறுநீர் கழித்த குழந்தையும் சற்று வேறுபட்டே நிறுக்கும். பிறந்தபோது, வைத்தியசாலையை விட்டுப் புறப்படும்போது, மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் ஒரு தடவை, பின்னர் பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் ஒரு தடவை என்று பார்த்தால், நலமான குழந்தையின் கதை பெரும்பாலும் தெளிவாகிவிடும். பால் பெருகிய பின் நாளொன்றுக்கு இருபது முப்பது கிராமேனும் நிறை ஏறுவதும், இரண்டு வாரமளவிற் பிறந்த நிறை திரும்புவதும் எதிர்பார்க்கத்தக்கன.

இத்துறையில் இலங்கைக்கு ஒரு நல்ல மரபு உண்டு. 1926 ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு, தாயையும் சேயையும் வீடு தேடிச் சென்று பார்க்கும் மருத்துவமாதர் சேவை நாட்டில் வேரூன்றி வளர்ந்தது. பிரசவத்தின் பின் முதற் பத்து நாளுக்குள் இரு தடவை வீட்டுக்கு வருவது அவர்களின் கடமைகளுள் ஒன்று. நிறை குறைந்து மீளும் நாள்களும் இவையே. ஆகவே பிள்ளை பெற்று வீடு திரும்பியவுடன் அப்பகுதி மருத்துவமாதுக்கு அறிவித்தல் குடும்பத்தாரின் முதற் கடமை. துடக்கு வீடு என்றோ, பச்சைப் பிள்ளையைத் தராசிற் போடலாகாது என்றோ அவரைத் திருப்பி அனுப்புதல் தகாது. வைத்தியசாலையிற் கொடுக்கும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைப் பெட்டிக்குள் பூட்டி வையாமற் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் வேண்டும். அதில் எழுதப்படும் முதல் நாலைந்து எண்கள் சாதகக் குறிப்பிலும் பார்க்கப் பயன் மிக்கவை.

முதல் வீட்டுக்கு மருத்துவமாது சொன்னபடி மூன்றாம் நாள் மீண்டும் சென்றார். பிள்ளை ஏறத் தொடங்கியிருந்தது. பத்தாம் நாளில் 3,010 கிராம். அம்மம்மா பதிவேட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு, அந்த எண்ணை இரு தடவை வாசித்தார். போத்தற் கதையை அதன்பின் அவர் எடுக்கவில்லை. இரண்டாம் வீட்டுப் பிள்ளை வைத்தியசாலையிலிருந்து தாயோடு திரும்பியது. மூன்றாம் வாரத்திற் பிறந்த நிறையை எட்டியது. இப்பொழுது அது பசித்தால் வீடதிர அழுகிறது. அந்தக் கரைச்சலைக் கேட்க வீட்டாருக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.